முதுகில் கத்திக்குத்து, தெருவில் வதந்தி: பிரிக்ஸ்டன் 1981

1981 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் ஒரு கறுப்பின இளைஞன் தெருவில் ஓடிவந்தான். எதிரே வந்த சீருடைக் காவலர் அவனை நிறுத்தப் பார்த்தார். இருவரும் கீழே விழுந்தார்கள். எழுந்தபோது காவலரின் சட்டையில் ரத்தம். அது அவருடைய ரத்தம் இல்லை, அந்தப் பையனுடையது. யாரோ அவன் முதுகில் கத்தியால் குத்தியிருந்தார்கள். அவன் திமிறிக்கொண்டு ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். அந்த வீட்டார் கைக்குக் கிடைத்த காகிதத் துண்டுகளை வைத்து அமுக்கி ரத்தத்தை நிறுத்தப் பார்த்தார்கள். ஒரு மினிகேப்பை, அதாவது வாடகைக் காரை, வரவழைத்து ஏற்றி அனுப்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே போலீஸ் கார் அந்த வண்டியை நிறுத்தியது. ஒரு காவலர் காயத்தைப் பார்த்தார், கட்டுப் போட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வண்டிக்குள் ரத்தம் வழிய ஒரு பையன், சுற்றிலும் போலீஸ், வண்டி நகரவில்லை. பையனைக் கொல்கிறார்கள் என்று யாரோ கத்தினார். எங்கள் பிள்ளையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கூட்டம் அவனைப் போலீஸிடமிருந்து இழுத்து, அந்த வழியாக வந்த வேறொரு காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பியது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிரவு பிரிக்ஸ்டனில் பரவிய செய்தி வேறு. குத்துப்பட்டவனை ஆஸ்பத்திரிக்கு விடாமல் போலீஸ் பிடித்து வைத்திருந்தது, அவன் செத்துப்போனான் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி பொய். அந்தக் காவலர் தன் கடமையைத்தான் செய்தார். மறுநாள் ஊர் எரிந்தது.

வதந்தியால் வந்த கலவரம் என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. வதந்தி எந்த ஊரிலும் எந்த நாளும் கிளம்பும். பெரும்பாலானவற்றை ஜனங்கள் காதில் வாங்குவதே இல்லை. இந்த ஒன்றை மட்டும் ஒரு பகுதி முழுக்க, சாட்சி கேட்காமல், மறுபேச்சில்லாமல் நம்பியது. ஏன் நம்பியது என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய விஷயம். அதற்கு மூன்று வருஷமாவது பின்னோக்கிப் போக வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால் 1948 வரைக்கும் போக வேண்டும்.

கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ‘எம்பயர் வின்ட்ரஷ்’ கப்பல் அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் அருகே டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. தங்க இடமில்லாதவர்களைக் கிளாப்பம் பகுதியில் போர்க்காலத்தில் தோண்டிய ஆழமான சுரங்கத் தங்குமிடத்தில் வைத்தார்கள். அங்கிருந்து பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனின் கோல்ட்ஹார்பர் லேனில். வேலை தேடி நடந்துபோன இடத்திலேயே வாடகைக்கு அறை எடுத்தார்கள். அப்படித்தான் பிரிக்ஸ்டன் பிரிட்டனின் கறுப்பின மக்களுக்குத் தாய்வீடு மாதிரி ஆனது. வந்தவர்கள் பஸ் ஓட்டினார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தார்கள், மருத்துவமனைகளில் செவிலியர்களாக இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் லண்டனிலேயே பிறந்து, லண்டன் பள்ளிகளில் படித்து, லண்டன் ஆங்கிலம் பேசி வளர்ந்தார்கள். பெற்றோர் சகித்துக்கொண்ட பலவற்றை அவர்கள் சகித்துக்கொள்ளத் தயாராக இல்லை. அது இயல்புதானே. தான் பிறந்த ஊரில் தன்னை அந்நியன் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

1981 தொடக்கத்தில் பிரிக்ஸ்டன் வேலைவாய்ப்பு அலுவலகக் கணக்குப்படி வேலையின்மை 13 சதவீதம். பத்தொன்பது வயதுக்குக் கீழே உள்ள கறுப்பின ஆண்பிள்ளைகளிடையே அது 55 சதவீதமாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வீடுகள் பழையவை, நெருக்கடியானவை. வேலையும் இல்லை, வீட்டிலும் இடமில்லை என்றால் இளைஞர்கள் எங்கே போவார்கள்? தெருவுக்குத்தான். ரெயில்டன் சாலையில்தான் அவர்களுடைய சிற்றுண்டிக் கடைகள், பாட்டுக் கடைகள், கூடிப் பேசும் இடங்கள் எல்லாம் இருந்தன. அந்தச் சாலைக்கு அவர்களே வைத்த பெயர் ‘ஃப்ரண்ட்லைன்’, போர்முனை.

சந்தேகக் கேஸ்

தமிழ்நாட்டில் ‘சந்தேகக் கேஸ்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ராத்திரி தெருவில் நின்றவனைக் கூட்டிப்போய், இருட்டில் ஒளிந்து நின்றான், கேட்டதற்குச் சரியான பதில் இல்லை என்று எழுதிவிடுவார்கள். பிரிக்ஸ்டன் பையன்கள் ‘சஸ்’ என்று சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், பிரிவு 4. நெப்போலியன் போர்கள் முடிந்து வேலையில்லாமல் ஊர் சுற்றிய முன்னாள் சிப்பாய்களையும் பிச்சைக்காரர்களையும் அடக்க வந்த சட்டம் அது. குற்றம் செய்யும் எண்ணத்தோடு பொது இடத்தில் சுற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால் போதும், கைது செய்யலாம். எதுவும் திருடுபோயிருக்க வேண்டாம். புகார் கொடுக்க ஆள் வேண்டாம். இரண்டு காவலர்கள் நீதிமன்றத்தில் ஒரே மாதிரி சொன்னால் தண்டனைக்கு அது போதுமானதாக இருந்தது. (காலனி நாடுகளுக்கும் இதன் சாயல் போனது. இலங்கையின் 1841-ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டம் அந்தக் குடும்பம்தான்.)

எழுபதுகளின் லண்டனில் இந்தச் சட்டம் யார் மேல் பாய்ந்தது என்பதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பள்ளி விட்டு வரும் பையன், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பையன், கறுப்பினத்தவன் என்றால் நிறுத்தப்பட்டான். பிள்ளைகள் வீடு திரும்பாத ராத்திரிகளில் காவல் நிலையம் காவல் நிலையமாக ஏறி இறங்கிய அம்மாக்கள்தான் இதற்கு எதிராக இயக்கம் கட்டினார்கள். 1980-இல் நாடாளுமன்றக் குழுவே இதை நீக்கச் சொன்னது. 1981 கோடையில்தான் நீங்கியது. பிரிக்ஸ்டன் எரிந்த பிறகு.

போலீஸ் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தெருவில் கைப்பையைப் பறிப்பது, அடித்துப் பிடுங்குவது எல்லாம் கற்பனை இல்லை. 1976-க்கும் 1980-க்கும் இடையே பிரிக்ஸ்டன் சரகத்தில் கொள்ளையும் அடித்துப் பறிக்கும் திருட்டும் 138 சதவீதம் கூடின. லண்டன் மாநகரப் போலீஸ் எல்லை முழுக்க எடுத்தால் 38 சதவீதம்தான். பறிகொடுத்தவர்களில் கறுப்பினப் பெண்களும் முதியவர்களும் உண்டு. ஆகவே, போலீஸ் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களே கேட்டார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் வந்தது வினை.

மாநகரப் போலீஸில் எஸ்.பி.ஜி. என்ற சிறப்பு ரோந்துப் படை இருந்தது. எந்த ஊரையும் சேராத படை. வேனில் வந்து இறங்குவார்கள், வாரக்கணக்கில் தெருக்களைச் சல்லடை போடுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் கிளறிவிட்டுப் போன கோபத்தோடு அப்புறம் வாழ வேண்டியது உள்ளூர் பீட் காவலர்கள். 1978-இல் போலீஸும் ஊர்ப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேச ஒரு தொடர்புக் குழு அமைக்கும் ஏற்பாடு நடந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், எஸ்.பி.ஜி. பிரிக்ஸ்டனில் இறங்கியது.

1979 பிப்ரவரியில் நடந்தது இன்னும் மோசம். மஃப்டியில் இருந்த போலீஸ்காரர்களைத் தாக்கியவர்களைத் தேடினார்கள். தாக்கியவன் ஆட்டுத்தோல் கோட்டு போட்டிருந்தான் என்று தகவல். பிரிக்ஸ்டன் அடங்கிய லாம்பெத் வட்டாரத்தின் சமூக உறவு மன்றத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் அப்படி ஒரு கோட்டு இருந்தது. போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இருக்க வேண்டிய அந்த அலுவலகத்துக்கே போய், மூன்று ஊழியர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மன்றம் தொடர்புக் குழுவிலிருந்து விலகியது. பேசுவதற்கு இருந்த ஒரே மேசையும் அத்தோடு போனது. பிரிக்ஸ்டன் கதையில் தீ வைத்த இடம் எது என்று என்னைக் கேட்டால், பெட்ரோல் குண்டு விழுந்த தெருவைவிட இந்த அலுவலகத்தைத்தான் காட்டுவேன். 1981 ஜனவரியில் லாம்பெத் மாநகராட்சி அமைத்த விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அந்தக் குழுவுக்குப் போலீஸ் ஒத்துழைக்கவில்லை. ஆக்கிரமிப்புப் படை போல நடக்கிறார்கள் என்ற வார்த்தை அப்போதே காகிதத்தில் ஏறிவிட்டது.

அதே ஜனவரி 18-ஆம் தேதி விடியற்காலை, பக்கத்தில் நியூ கிராஸ் என்ற இடத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். இனவெறியில் யாரோ தீ வைத்தார்கள் என்று மக்கள் நம்பினார்கள். காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் பதின்மூன்று பிள்ளைகள் கருகிச் செத்த வீட்டுக்கு அரசிடமிருந்து உடனே ஓர் இரங்கல் வார்த்தை வரவில்லை. ‘பதின்மூன்று பேர் செத்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்பதே முழக்கமானது. மார்ச் 2-ஆம் தேதி, திங்கட்கிழமை, வேலை நாள் என்றும் பாராமல் ஆயிரக்கணக்கானோர் லண்டன் நடுவே ஊர்வலம் போனார்கள்.

இது நடந்து ஐந்து வாரத்தில்தான் ‘ஸ்வாம்ப் 81’ என்ற போலீஸ் நடவடிக்கை.

ஸ்வாம்ப்

‘ஸ்வாம்ப்’ என்றால் சதுப்பு. வினையாகச் சொன்னால் வெள்ளம் போல் புகுந்து மூழ்கடிப்பது. மஃப்டி போலீஸை ஊருக்குள் வெள்ளமாய் விடுவது என்ற பொருளில் வைத்த பெயர். ஆனால் பிரிக்ஸ்டன்காரர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 1978-இல், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர், வேறு கலாச்சார மக்களால் இந்த நாடு மூழ்கடிக்கப்படும் என்று ஜனங்கள் அஞ்சுவதாக ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். அதே சொல். பெயர் வைத்தவர்கள் அதை நினைத்துத்தான் வைத்தார்களா என்பது இருக்கட்டும். ஒரு நடவடிக்கைக்குப் பெயர் வைக்கும்போது, அந்த ஊரில் அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்க மேசையைச் சுற்றி ஓர் ஆள்கூட இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அன்றைய மாநகரப் போலீஸில் கறுப்பினக் காவலர்கள் ஒரு சதவீதம்கூடக் கிடையாது.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மஃப்டி போலீஸ், பலர் அனுபவம் குறைந்த இளைஞர்கள். சந்தேகம் வந்தால் நிறுத்து, கேள்வி கேள், சோதனை போடு என்பது உத்தரவு. 1839-ஆம் ஆண்டின் மாநகரப் போலீஸ் சட்டம் லண்டன் காவலர்களுக்குத் திருட்டுப் பொருள் வைத்திருப்பவரைச் சோதிக்கும் அதிகாரம் தந்திருந்தது, அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைவிட, அந்தத் தெருக்களில் தினமும் நடந்து, கடைக்காரர் பெயர் முதற்கொண்டு தெரிந்து வைத்திருந்த சொந்தப் பீட் காவலர்களிடமே சொல்லவில்லை.

அந்த வாரத்தில் 943 பேரை நிறுத்தினார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், மூன்றில் இரண்டு பங்கு இருபத்தொரு வயதுக்குக் கீழே. கைது 118. வழக்குப் போட்டது 75 பேர் மேல். அதில் கொள்ளை வழக்கு எத்தனை? ஒன்று. திருட்டு, திருட்டு முயற்சி இருபது, வீடு புகுந்து திருட முயன்றது ஒன்று. எந்தக் குற்றத்தைத் தடுக்க என்று இத்தனை ஆர்ப்பாட்டமோ, அந்தக் குற்றத்துக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். 943-இல் 118 போனால் 825. எதுவும் செய்யாமல், நடுத்தெருவில் நிறுத்தப்பட்டு, பைகளைக் கவிழ்த்துக் காட்டி, பத்துப் பேர் பார்க்க நின்றுவிட்டு வீட்டுக்குப் போன 825 பேர். ஒவ்வொருவருக்கும் அம்மா, அண்ணன், தங்கை, கூட்டாளிகள். அதைச் சொல்லாமல் இருந்திருப்பார்களா? வெள்ளிக்கிழமை மாலை அட்லாண்டிக் சாலைப் பக்கம் நின்ற கூட்டத்தில் அந்த வாரம் நிறுத்தப்பட்டவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் அந்த வதந்தியில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு காவலர் ஒரு பையனைக் குனிந்து தொடுகிறார். திங்கள் முதல் அந்தத் தெருவில் போலீஸ் கை பையன்கள் மேல் பட்டதெல்லாம் சோதனைக்காகத்தான். அன்றைக்கு அது கட்டுப்போடும் கை என்று யார் நினைப்பார்கள்?

சனிக்கிழமை

வெள்ளி இரவு கல்வீச்சு சில மணி நேரத்தில் அடங்கியது. சனிக்கிழமையும் ஸ்வாம்ப் நடவடிக்கையைத் தொடர்வது என்று மேலதிகாரிகள் முடிவெடுத்தார்கள். தெருவில் கூடுதல் நடை ரோந்தும் போட்டார்கள். நல்ல வெயில், விடுமுறை நாள், தெருவெல்லாம் ஜனம். காலையிலிருந்து கூட்டம் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை ஐந்து மணி நெருங்கும்போது அட்லாண்டிக் சாலையில் ஒரு மினிகேப் அலுவலகத்தின் முன்னால் இரண்டு மஃப்டி காவலர்கள். ஒரு ஓட்டுநர் தன் காலுறைக்குள் எதையோ செருகுவதைப் பார்த்தார்கள். போதைப்பொருள் என்று நினைத்துப் பிடித்தார்கள். அவர் எடுத்துக் காட்டினார். பணம். பத்திரமாக இருக்கட்டும் என்று காலுறையில் வைப்பது அவர் வழக்கம். சரி, இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. காரையும் சோதிக்க வேண்டும் என்று நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது. ஓர் இளைஞன் எதிர்த்துப் பேசினான். அவனைக் கைது செய்தார்கள். வேன் வந்தது. வேன் மேல் கல் விழுந்தது.

வட அயர்லாந்து நீங்கலாக, பிரிட்டன் முக்கிய நிலப்பகுதியில் அதுவரை பார்த்திராத ஒன்று அன்று மாலை நடந்தது: பெட்ரோல் குண்டுகள். ரெயில்டன் சாலையிலும் லீசன் சாலையிலும் போலீஸ் வண்டிகள் கவிழ்ந்து எரிந்தன. ‘ஜார்ஜ்’ என்ற மதுக்கடை எரிந்து தரைமட்டமானது. ‘வின்ட்சர் காசில்’ என்ற இன்னொன்றும் எரிந்தது. தீயணைப்பு வண்டிகளால் உள்ளே போக முடியவில்லை. போலீஸ் கையில் இருந்த தற்காப்புக் கருவிகள் போதவில்லை.  அந்தப் பக்கம் நின்ற இளம் காவலர்களின் பயத்தையும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முடிவு எடுத்தவர்கள் அவர்கள் இல்லை. செங்கல் விழுந்தது அவர்கள் தலையில்.

நடுவே சில உள்ளூர்க்காரர்கள் சமாதானம் பேச முயன்றார்கள். போலீஸ் பின்வாங்கட்டும், கூட்டத்தைக் கலையச் சொல்கிறோம் என்றார்கள். போலீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் போட்ட ரெய்டு கலவரமாகி, போலீஸ் சில மணி நேரம் அந்தப் பகுதியை விட்டே விலக நேர்ந்தது. அது நாடு முழுக்கத் தலைகுனிவாகப் பேசப்பட்டது. லண்டனில் அப்படி ஆகக்கூடாது என்ற பிடிவாதம் அன்று மாலை வேலை செய்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பிரிக்ஸ்டன் கடைவீதியில் கொள்ளை. போலீஸ் எல்லாம் ரெயில்டன் சாலையில் இருந்ததால் கடைகளைக் காக்க ஆளில்லை. கண்ணாடியை உடைத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் நகைகளையும் தூக்கிப்போனவர்களில் வெள்ளையர்களும் நிறைய, வெளியூர்க்காரர்களும் நிறைய. இனக் கலவரம் என்று இதை அழைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளவில்லை. கோபம் போலீஸ் மேல் இருந்தது.

சனிக்கிழமை இரவின் கணக்கு: காயமடைந்த போலீஸார் 279, பொதுமக்கள் குறைந்தது 45. சேதமான கட்டடங்கள் 145. அதில் 28 தீயில். போலீஸ் வண்டிகள் 56, தனியார் வண்டிகள் 61. கைது 82. உயிரிழப்பு ஒன்றும் இல்லை. அந்த ராத்திரியின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது நம்பவே முடியாத அதிர்ஷ்டம். ஞாயிறும் திங்களும் சிறிய அளவில் தொடர்ந்து, பின் அடங்கியது.

திங்கட்கிழமை பிரதமர் தாட்சரிடம் கேட்டார்கள். நடந்ததை எதுவும், எதுவுமே நியாயப்படுத்த முடியாது என்றார். பணம் கொடுத்து நம்பிக்கையையும் இன நல்லிணக்கத்தையும் வாங்க முடியாது என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியம் உண்மைதான். ஆனால் அங்கே இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் எப்படிப் போனது என்ற கேள்விக்கு அவர் வரவே இல்லை.

ஸ்கார்மன் பிரபு

உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா விசாரணையை ஸ்கார்மன் பிரபுவிடம் ஒப்படைத்தார். எழுபதை நெருங்கிய மூத்த நீதிபதி. 1969 வட அயர்லாந்துக் கலவரம், 1974 ரெட் லயன் சதுக்க மோதல் எல்லாவற்றையும் விசாரித்தவர். பிரிக்ஸ்டன் தெருக்களில் நடந்து போய் ஜனங்களோடு பேசினார். தங்கள் பேச்சை இந்தக் கிழவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறார் என்ற எண்ணம் அங்கே பலருக்கு வந்தது. 1981 நவம்பர் 25-ஆம் தேதி அறிக்கை வெளியானது.

வெள்ளிக்கிழமை நிகழ்வில் அந்தக் காவலர்கள் மேல் தவறில்லை என்று தெளிவாகச் சொன்னார். ஸ்வாம்ப் தவறு, வெள்ளி இரவுக்குப் பிறகும் அதைத் தொடர்ந்ததும் தவறு என்றும் சொன்னார். நடந்தது போலீஸுக்கு எதிராக இளம் கறுப்பினத்தவர்களின் கோபமும் வெறுப்பும் வெடித்தது என்றார். அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி, பேப்பர்களில் பெரிதாக வராத ஒன்று. பொது அமைதியைக் காப்பதும் சட்டத்தை நிறைவேற்றுவதும் ஒன்றோடொன்று மோதும் நேரம் வந்தால், அமைதிதான் முதலில் என்கிறார். 1829-இல் மாநகரப் போலீஸ் தொடங்கிய காலத்துக் கோட்பாடு அது. ஒரு காலுறையில் இருப்பது கஞ்சாவா காசா என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தத் தெரு இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல காவலர். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. அனுபவத்தில்தான் வரும்.

அவர் தவறிய இடமும் உண்டு. தனிப்பட்ட சில காவலர்களிடம் இன வெறுப்பு இருக்கிறது, மேல்மட்டக் கொள்கையில் இல்லை என்றார். நிறுவனமயமான இனவாதம் பிரிட்டனில் இல்லை என்று எழுதினார். அவர் சேகரித்த விவரங்களே அதற்கு எதிராகப் பேசுகின்றன. உள்ளூர்க் காவலருக்கே தெரியாமல் ஒரு வாரம் முழுக்க நடந்த, மேலிருந்து திட்டமிட்ட ஒரு நடவடிக்கையை இரண்டு மூன்று முரட்டுக் காவலர்களின் கணக்கில் எப்படி எழுத முடியும்? அந்த வாக்கியத்தைத் திருத்தப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1993-இல் பஸ் நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற மாணவனின் வழக்கில் போலீஸ் செய்த குளறுபடிகளை விசாரித்த மேக்ஃபர்சன் அறிக்கை, 1999 பிப்ரவரியில், மாநகரப் போலீஸில் நிறுவனமயமான இனவாதம் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. 2023 மார்ச்சில் கேசி அறிக்கை அதையே மறுபடி சொன்னது.

ஸ்கார்மனால் நடந்த நல்லவையும் சிறியவை இல்லை. 1984-இல் வந்த காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், நியாயமான சந்தேகம் இல்லாமல் ஒருவரை நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்றும், ஏன் சோதித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தது. போலீஸ் தன் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்பதற்கான ஏற்பாடு சட்டமானது. சாதாரணக் குடிமக்கள் முன்னறிவிப்பில்லாமல் காவல் நிலையத்துக்குப் போய் லாக்கப்பைப் பார்வையிடும் முறை அவர் பரிந்துரையிலிருந்து வளர்ந்தது. இந்த ஒன்றை நம் ஊர்களில் நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெரு ஆசிரியையும் மளிகைக் கடைக்காரரும் நடு ராத்திரி ஸ்டேஷனுக்குப் போய், உள்ளே இருப்பவன் சாப்பிட்டானா, அடி வாங்கினானா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரலாம் என்றால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்.

ஆனால் அறிக்கை அச்சாவதற்குள்ளேயே நிலைமை கைமீறியிருந்தது. 1981 ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத், மான்செஸ்டரின் மாஸ் சைட், பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் என்று ஊர் ஊராக மூண்டது. டாக்ஸ்டெத்தில் முதல்முறையாகப் பிரிட்டன் நிலப்பகுதியில் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2011 ஆகஸ்டில், டாட்டன்ஹாமில் மார்க் டகன் என்பவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரு பக்கமும் துப்பாக்கிச் சூடு நடந்தது போன்ற தவறான தகவல், போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஆணையத்திடமிருந்தே பத்திரிகைகளுக்குப் போனது. ஆணையம் பிறகு அதை ஒப்புக்கொண்டது. டகன் சுடவில்லை. அவருடைய சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பதில் கேட்டு காவல் நிலைய வாசலில் மணிக்கணக்காக நின்ற சனிக்கிழமை இரவுதான் அந்தக் கலவரம் தொடங்கியது. வதந்தி தெருவில்தான் பிறக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

செரி குரோஸ்

நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது பிரிக்ஸ்டனிலேயே நடந்த இன்னொரு சம்பவம். 1985 செப்டம்பர் 28, அதுவும் சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். ஓர் இளைஞனைத் தேடி ஆயுதம் தாங்கிய போலீஸ் அவன் அம்மா வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. அவன் அங்கே இல்லை. ஜமைக்காவிலிருந்து வந்து அந்த ஊரில் குடியிருந்த செரி குரோஸ் என்ற அந்த அம்மாவை, தன் பிள்ளைகள் இருந்த வீட்டிலேயே, ஒரு போலீஸ் ஆய்வாளர் சுட்டார். குண்டு முதுகெலும்பில் பாய்ந்தது.

சில மணி நேரத்தில் தெருவெங்கும் செய்தி: போலீஸ் ஓர் அம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டது. கூட்டம் பிரிக்ஸ்டன் காவல் நிலையத்தின் முன் சேர்ந்தது. மாலைக்குள் மறுபடி தீ. ஸ்கார்மன் அறிக்கை வந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அன்றும் வதந்தியால் வந்த கலவரம் என்றுதான் சொன்னார்கள். செரி குரோஸ் அன்று சாகவில்லை என்பது உண்மை. இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில், 25 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருடைய பிள்ளைகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். சுட்டவர் மேல் போட்ட வழக்கில் 1987-இல் விடுதலை.

2011 ஏப்ரலில் செரி குரோஸ் இறந்தார். அந்தக் குண்டு ஏற்படுத்திய பாதிப்பே சாவுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னதால் மரண விசாரணை நடந்தது. 2014 ஜூலையில் ஜூரி முடிவு சொன்னது: அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்த நடவடிக்கையில் போலீஸ் செய்த தவறுகள் அவருடைய மரணத்துக்குக் காரணமாயின. மாநகரப் போலீஸ் தலைவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். 2021-இல் அவர் நினைவாக ஒரு சிறிய மண்டபம் எழும்பியது. அது இருக்கும் இடத்தின் பெயர் வின்ட்ரஷ் சதுக்கம்.